கொம்போணான் ஆச்சி!

உங்க டி.சி.யை ஒரு நிமிஷம் எடுத்துப் பாருங்க. 'அங்க அடையாளங்கள்'னு ஒரு வரி இருக்கும். 'வலது முழங்கையில் ஒரு மச்சம்', 'இடது கன்னத்தில் ஒரு தழும்பு'ன்னு, கிளாஸ் டீச்சர் அவசர அவசரமா நம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுதினது. பேர் இருக்கு, அப்பா பேர் இருக்கு, பிறந்த தேதி இருக்கு. அப்புறமும் எதுக்கு மச்சம்? ஏன்னா பேரை யார் வேணும்னாலும் சொல்லிக்கலாம். மச்சத்தைக் கடன் வாங்க முடியாது!

மனுஷனுக்குச் சரி. ஒரு ஓணானுக்கு அங்க அடையாளம் எழுதச் சொன்னா என்ன எழுதுவீங்க?

சிரிக்காதீங்க. போன செமஸ்டர் லீவு முழுக்க நான் பார்த்த வேலை இதுதான். படிக்கிறது பாளையங்கோட்டை பக்கம் ஒரு காலேஜ்ல இ.சி.இ., மூணாம் வருஷம். ஓணானுக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் எந்த கனெக்‌ஷனும் கிடையாது. ஆனா ஓணானுக்கும் எங்க ஆச்சிக்கும் உண்டு.

எங்க அம்மாவைப் பெத்த ஆச்சி இருக்கிறது வி.கே.புரத்துல. அதாங்க, விக்கிரமசிங்கபுரம். வாசல்ல நின்னா பொதிகை மலை சுவர் மாதிரி தெரியும். ரெண்டு தெரு தள்ளினா தாமிரபரணி. ஆனா ஆச்சி பிறந்தது இங்க இல்லை. இலங்கையில, நுவரெலியாவுக்குப் பக்கத்துல கந்தப்பளைங்கிற ஊர்ல, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல. 16 வயசுல, 1972-ல, கப்பலேறி இந்தியா வந்தவ.

தெருவுல ஆச்சிக்கு ரெண்டு பட்டப்பேரு. ஒண்ணு 'சிலோன்காரி'. இன்னொண்ணு 'கொம்போணான் ஆச்சி'.

அவ சொன்ன ஒரு கதைதான் ரெண்டாவது பேருக்குக் காரணம். "எங்க தோட்டத்துல ஒரு ஓணான் உண்டு. மூக்கு நுனியில கொம்பு வச்சிருக்கும்" என்பாள். கேக்குற பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும். 'காண்டாமிருகத்தைப் பாத்திருப்ப ஆச்சி!' என்று கலாய்க்கும். எங்க மாமாவே, "அம்மா நல்லா ரீல் விடுதாங்க. அடுத்து றெக்கை வச்ச மாடுன்னு சொல்லுவாங்க பாரு" என்பார். ஐம்பது வருஷமா ஓடின காமெடி இது.

ரெண்டு வருஷமா அது காமெடியா இல்லை. ஆச்சிக்கு மறதி வந்துடுச்சு. சாப்பிட்டோமாங்கிறது மறந்து போகுது. கேட்டதையே திரும்பக் கேக்குறா. 'புதுசா நடந்தது முதல்ல மறக்கும், பழசு ரொம்ப நாள் நிக்கும்'னு டாக்டர் சொன்னார். வீட்ல முதல் பாதி மட்டும்தான் எல்லாருக்கும் காதுல விழுந்துச்சு. அவ என்ன சொன்னாலும், "சரி சரி, படுங்க" என்பதே பதில் ஆகிப்போச்சு. தோட்டம், லயம், பனி, கப்பல்னு ஆச்சி வாயைத் திறந்தாலே 'கொம்போணான் கதை' லிஸ்ட்ல சேர்ந்துடும். கொஞ்ச நாள்ல அவ பேசுறதையே குறைச்சுக்கிட்டா.

எனக்கு அது பொறுக்கலை. சர்க்யூட் வேலை செய்யலைன்னா லேப்ல என்ன செய்வோம்? ஒவ்வொரு பாயின்ட்டா மல்டிமீட்டர் வச்சுப் பார்ப்போம். ஆச்சி சொன்னதையும் அதே மாதிரி பாயின்ட் பாயின்ட்டா சோதிச்சுப் பார்த்துடறதுன்னு முடிவு பண்ணினேன்.

ஓணான்ல எத்தனை ஓணான்?

நமக்கு எல்லாமே ஓணான்தான். மிஞ்சிப்போனா கரட்டாண்டி, பச்சோந்தி. வேலியில போறதை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிறதுக்கு ஒரு பழமொழி. ராமருக்கு அணில் தண்ணி கொடுத்துச்சு, ஓணான் மூத்திரம் கொடுத்துச்சுன்னு ஒரு கதை. அந்தக் கதையைச் சொல்லியே கல்லெறிஞ்சு, ஈர்க்குல சுருக்கு மாட்டி, பாவம், ஊர் ஊரா அதைப் படுத்தின பாடு கொஞ்சமா?

ஆனா ஊர்வன ஆராய்ச்சியாளர்கள் ஓணானைப் பார்க்கிற விதமே வேற. அவங்க படிச்சுப் படிச்சுச் சொல்ற முதல் விஷயம்... நிறத்தை நம்பாதே! நம்ம வேலி ஓணான் காலையில மண் நிறத்துல இருக்கும். இனப்பெருக்க காலத்துல ஆணுக்குத் தலை, தோளெல்லாம் செக்கச்செவேல்னு ஆகிடும். 'ரத்தம் உறிஞ்சுது'ன்னு சின்ன வயசுல பயமுறுத்துவாங்களே, அது இதுதான். அதனால நிறம் சாட்சி சொல்லலாம், தீர்ப்பு சொல்லக்கூடாது.

தீர்ப்பு சொல்றது வேற அடையாளங்கள். கண்ணுக்கு இமை இருக்கா? (வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது, ஓணானுக்கு உண்டு.) காதுக்குழி வெளிய தெரியுதா? காதுக்கு மேல முள் எத்தனை? முதுகுச் செதில் மேல் நோக்கியா, கீழ் நோக்கியா? நடு உடம்பைச் சுத்தி எத்தனை செதில்? தோளுக்கு முன்னால தோல் மடிப்பு இருக்கா? இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆமா', 'இல்லை'ன்னு ரெண்டே பாதை. நம்ம சி புரோகிராம்ல வர்ற 'இஃப் – எல்ஸ்' மாதிரியே! கடைசியில ஒரே ஒரு பேர்ல போய் நிக்கும்.

உதாரணம் பாருங்க. வேலி ஓணானுக்குக் காதுக்கு மேல தனித்தனியா ரெண்டு முள் இருக்கும். பச்சை ஓணானுக்கு அந்த இடத்துல சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசையே இருக்கும். இந்தப் பச்சை ஓணான் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலயும் உண்டு, கடல் தாண்டி இலங்கையிலயும் உண்டு. அவ்வளவு ஏன், வேலி ஓணானையே 2021-ல ஒரு ஆய்வு நாலு இனமாப் பிரிச்சுடுச்சு. பழைய பேர் தங்கினது நம்ம தெற்குப் பக்கத்து ஓணானுக்குத்தான். அந்தப் பேருக்கான அத்தாட்சி மாதிரியை எடுத்தது பாண்டிச்சேரியில. நாம கல்லெறிஞ்ச ஆளு எவ்வளவு பெரிய விஐபி பார்த்தீங்களா!

சரி, கொம்புக்கு வருவோம். மூக்கு நுனியில கொம்பு வச்ச ஓணான் உலகத்துல உண்டா?

உண்டு. இலங்கையில உண்டு. இலங்கைக் காடுகள்ல மட்டும்தான் வாழுற ஒரு பேரினம். பேரு 'செரட்டோஃபோரா'. கிரேக்க மொழியில 'கொம்பு சுமப்பது'ன்னு அர்த்தம். சிங்களத்துல 'அங் கடுஸ்ஸா', அதாவது கொம்பு ஓணான். எங்க ஆச்சி வச்ச பேரும் அதேதான்!

இதைப் படிச்ச அன்னிக்கே மாமாகிட்ட போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனா கதை அங்க முடியலை. கொம்பு ஓணான்ல இப்போ தெரிஞ்சது 6 இனம். 2020-ல கூட ஒண்ணு புதுசா சேர்ந்துச்சு. ஆச்சி பார்த்தது இதுல எது? ஒருவேளை யாரோ சொன்னதைக் கேட்டு அவ சொல்றாளா? 'இலங்கையில கொம்பு ஓணான் உண்டு'ங்கிறது வேற, 'ஆச்சி அதைப் பார்த்தா'ங்கிறது வேற. ரெண்டாவதைத்தான் நான் நிரூபிக்கணும்.

வாயைக் கிண்டாத வாக்குமூலம்

நம்ம வாய்ல இருந்து ஒரு வார்த்தை கூட அவ வாய்க்குப் போயிடக்கூடாது. 'கொம்பு வெள்ளையா இருந்துச்சா?'ன்னு கேட்டா வயசானவங்க 'ஆமா'ன்னுதான் சொல்லுவாங்க. அதனால கேள்வியெல்லாம் 'எப்படி', 'எங்க', 'என்ன செஞ்சுது'ன்னு மட்டும் வச்சுக்கிட்டேன். வாசத்திண்ணையில உக்காந்து, செல்போன்ல ரெக்கார்டு பண்ணிக்கிட்டே பேசினோம்.

"கொம்பு எப்படி இருக்கும் ஆச்சி?"

"உடைமுள்ளு பாத்திருக்கியாட்டி? காஞ்ச உடைமுள்ளு. அதே மாதிரி வெள்ளையா, கூரா."

"எல்லாத்துக்கும் அப்படியா?"

"கடாவுக்குப் பெருசு. பொட்டைக்குச் சும்மா பேருக்குத்தான் இருக்கும்."

"கிட்டப் போனா ஓடிருமா?"

"அது எங்கன ஓடும்? சோம்பேறிப் பய. மரத்துல அப்பினாப்புல இருக்கும். குச்சியால தொட்டா வாயைத் திறக்கும். உள்ள கேசரிப் பவுடர் போட்ட மாதிரி இருக்கும்."

"காது?"

கொஞ்ச நேரம் யோசிச்சா. "காதா? அதுக்குக் காது கண்டதில்லையே..." என்றாள்.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஏன்னா, வேலி ஓணானுக்குக் கண்ணுக்குப் பின்னால காதுக்குழி பளிச்சுன்னு தெரியும். கொம்பு ஓணான் வகைகளுக்கு அது தோலுக்கு அடியில மறைஞ்சிருக்கும், வெளிய தெரியாது. இதைக் கதையில கேட்டு யாரும் சொல்ல முடியாது. பார்த்தவங்கதான் சொல்ல முடியும். அதுவும் சும்மா பார்த்தவங்க இல்லை, உத்துப் பார்த்தவங்க.

ஆனா நான் ஆச்சியோட பேத்தி. எனக்குப் புல்லரிக்கிறது எல்லாம் ஆதாரம் ஆகாது. அடுத்தது, போலீஸ் ஸ்டைல் அடையாள அணிவகுப்பு!

9 படம், 1 சாட்சி

ஆராய்ச்சியாளர்கள் எடுத்த படங்களாத் தேடி 9 படம் சேர்த்தேன். எல்லாத்தையும் ஒரே அளவுல கலர் பிரின்ட் எடுத்து, பேர் எதுவும் எழுதாம, பின்பக்கம் நம்பர் மட்டும் போட்டேன். நான் காட்டினா என் முகத்தைப் பார்த்தே ஆச்சி கண்டுபிடிச்சுடுவா. அதனால காட்டுற வேலை என் ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு. எது என்னன்னு அவளுக்குத் தெரியாது. நான் அடுப்படிக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தேன்.

ஆச்சியோட தீர்ப்பு, வரிசைப்படி...

முதல் படம், வேலி ஓணான். "இதைத் தெரியாதா? நம்ம வேலியில கிடக்கானே. இங்கன வந்துதான் நான் இவனைப் பாத்தேன்."

ரெண்டாவது, அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் இருக்கிற கொம்பு ஓணான். கொம்புன்னா எதுனாலும் தலையாட்டுறாளான்னு பார்க்க நான் வச்ச பொறி இது. ஆச்சி பார்த்த உடனே, "கொம்பு பின்மண்டையில இருக்கு. இது நம்ம ஆளு இல்ல" என்று தள்ளிட்டா.

மூணாவது, கும்பி மூக்கு ஓணான். இலங்கையின் ஈரக் காடுகள்ல இருக்கிற பெரிய ஓணான். மூக்கு மேல உருண்டையா ஒரு குமிழ். "இது யாருட்டி? மூக்குல கொழுக்கட்டையை ஒட்ட வச்சிருக்கான்!"

நாலாவது, இலைமூக்கு ஓணான். நக்கிள்ஸ் மலைத்தொடர்ல மட்டும் வாழுறது. கொம்பு தட்டையா, சதையா, இலை மாதிரி இருக்கும். "ம்ஹூம். இது வெத்தலை மாதிரி இருக்கு. நான் சொன்னது முள்ளுல்லா?"

அஞ்சாவது, சொரசொரப்புக் கொம்பு ஓணான். சிங்கராஜா போன்ற தாழ்வான மழைக்காடுகள்ல சருகுக்குள்ள திரியுறது. கொம்பு முழுக்கச் சின்னச் சின்னச் செதில். "இதுவும் இல்ல. இது மண்ணுல கிடக்கு. நம்மது மரத்துல கிடக்கும்."

ஆறாவது, பச்சை ஓணான். "பச்சையா ஒண்ணு உண்டு. ஆனா இது இல்ல. கன்னத்துல மை இல்லையே."

ஏழாவது, கருங்கன்ன ஓணான். இலங்கையின் உச்சி மலைகள்ல மட்டும் வாழுறது. "இந்தா! மை வச்ச கன்னம். கொழுந்து எடுக்கையில தேயிலைச் செடியில கிடக்கும்."

எட்டாவது, குட்டையான ஒரு ஓணான். அதுவும் உச்சி மலைவாசிதான். குட்டி போடும், முட்டை போடாது. "இது பாசி புடிச்ச குச்சி மாதிரி இருக்கும். வாலைக் கொம்புல சுத்திக்கிடும்."

ஒன்பதாவது படம் வந்தப்போ சத்தமே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஆச்சி பிரின்ட்டைக் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அந்த மூக்கு நுனியை விரலால தடவிக்கிட்டு இருந்தா. "எங்க காம்பராவுக்குப் பின்னால நின்ன மரத்துல கிடப்பான்ட்டி..." என்றாள்.

ஒன்பதாம் நம்பர், 'செரட்டோஃபோரா ஸ்டொடார்ட்டி'. காண்டாமிருகக் கொம்பு ஓணான். 1834-ல ஜான் எட்வர்ட் கிரே பேர் வச்சது. கொம்பு, ஒரே ஒரு செதில் நீண்டு வெள்ளை முள்ளா ஆனது. ஆணுக்குப் பெருசு, பெண்ணுக்குச் சிறுசு. மெதுவா நகரும். மிரட்டினா வாயைத் திறந்து ஆரஞ்சு நிறத்தைக் காட்டும். வாழுற இடம், இலங்கையின் மத்திய மலைநாட்டு மேகக் காடுகளும் அதை ஒட்டின தோட்டங்களும். (தெருப் பசங்க கிண்டலுக்குச் சொன்ன காண்டாமிருகம் பேர்லயே இருக்கு, கவனிச்சீங்களா!)

இப்போ கணக்குக்கு வாங்க. 9 படத்துல ஆச்சி 'அங்க பார்த்தேன்'னு எடுத்தது 3. ஏழு, எட்டு, ஒன்பது. மூணுமே நுவரெலியா உயரத்துல வாழுறது. சிங்கராஜாக்காரனையும் நக்கிள்ஸ்காரனையும் அவளுக்குத் தெரியலை. தெரியவும் கூடாது. அந்த ரெண்டும் அவ இருந்த பக்கமே கிடையாது. குருட்டாம்போக்குல 9-ல இருந்து 3 எடுக்கிறதுக்கு மொத்தம் 84 வழி. அதுல சரியான வழி ஒண்ணே ஒண்ணு. பெர்முடேஷன் காம்பினேஷன் எதுக்குப் படிக்கிறோம்னு கேட்ட எல்லாருக்கும் இது சமர்ப்பணம்.

சாப்பிட்டோமாங்கிறதை மறந்த ஆச்சி, 50 வருஷத்துக்கு முன்னால பார்த்த ஒரு ஓணானுக்குக் காது தெரியாதுங்கிறதை மறக்கலை.

ஓணானுக்கும் ஆச்சிக்கும் ஒரே மலை

படத்தைப் பார்த்த பிறகு ஆச்சி பேச ஆரம்பிச்சா பாருங்க... மடை திறந்த மாதிரி! அதைப் பின்தொடர்ந்து நானும் படிக்க ஆரம்பிச்சேன்.

ஆச்சியோட தாத்தா திருநெல்வேலிச் சீமையில இருந்து கங்காணி கூட்டிட்டுப் போன கூட்டத்துல ஒருத்தர். இலங்கை மலைக்காட்டை அழிச்சு முதல்ல காப்பி போட்டாங்க. 1869-ல இலைத்துரு நோய் வந்துச்சு. அது காப்பித் தோட்டங்களை அடியோட காலி பண்ண, அந்த இடமெல்லாம் தேயிலை ஆச்சு. திட்டம் வெள்ளைக்காரத் துரையோடது. கோடாலி பிடிச்ச கை நம்ம ஊர்க்காரங்களோடது. மிச்சமான காட்டுத் துண்டுகள்ல ஓணான் ஒண்டிக்கிச்சு. பக்கத்துலயே 10 அடிக் காம்பராவுல நம்ம ஜனங்க ஒண்டிக்கிட்டாங்க.

அப்புறம் 1948-ல வந்த குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான தோட்டத் தமிழர்களை நாடில்லாதவங்க ஆக்கிடுச்சு. 1964 அக்டோபர்ல சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேரை இலங்கை வச்சுக்கணும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கலாம். ஓட்டலில் இட்லியைப் பங்கு வைக்கிற மாதிரி ஆட்களைப் பங்கு வச்சாங்க. எங்க ஆச்சி முதல் கணக்குல வந்தவ. தலைமன்னார்ல கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் நெல்லை.

பீரோவுல ஆச்சியோட பழைய பாஸ்போர்ட் இன்னும் இருக்கு. பிரிச்சுப் பார்த்தேன். அங்க அடையாளம்னு அதுலயும் ஒரு வரி. 'இடது புருவத்தில் தழும்பு.' லயத்துப் படியில விழுந்த தழும்பாம். அங்க அவளை 'இந்தியாக்காரி'ன்னாங்க. இங்க வந்தா 'சிலோன்காரி'. தழும்பு மட்டும் ரெண்டு ஊர்லயும் அவ அவதான்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கு.

அடையாளம் தெரியறதுல இன்னொரு விஷயமும் இருக்கு. இலங்கையின் இந்த அபூர்வ ஓணான்களைப் பிடிச்சு வெளிநாட்டுல செல்லப்பிராணியா விக்கிற வியாபாரம் உண்டு. 2019-ல ஜெனீவாவுல நடந்த 'சைட்டீஸ்' மாநாட்டுல கொம்பு ஓணான்கள், கும்பி மூக்கு ஓணான், கருங்கன்ன ஓணான் எல்லாத்தையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேர்த்தாங்க. ஆனா ஏர்போர்ட்ல ஒரு சூட்கேஸுக்குள்ள ஓணான் மாட்டினா, சுங்க அதிகாரிக்கு அது எந்த ஓணான்னு தெரிஞ்சாத்தான் அந்தச் சட்டத்துக்கு வேலை. அவர் பார்க்க வேண்டியதும் நாம மேல பார்த்த அதே கொம்பு, அதே காது, அதே கன்னம்தான்.

நம்ம வாசல்லயும் தீவு

'இலங்கை தீவு, அதனால அங்க விசேஷ ஓணான் இருக்கு. நமக்கென்ன?'ன்னு கேக்காதீங்க. வி.கே.புரத்து வாசல்ல தெரியுற பொதிகையும் ஒரு வகையில தீவுதான். சுத்தித் தண்ணிக்குப் பதிலா சூடான சமவெளி. வடக்கே செங்கோட்டைக் கணவாய். மலை உச்சியோட ஈரமும் குளிரும் பழகின ஒரு சின்னப் பிராணிக்கு அந்தச் சூட்டைத் தாண்டறதும் கடலைத் தாண்டறதும் ஒண்ணுதான்.

அதனாலதான் நம்ம மலையிலயும் வேற எங்கேயும் இல்லாத ஆட்கள் இருக்காங்க. களக்காடு – முண்டந்துறை காட்டுல உதட்டோரம் ஆரஞ்சு நிறம் வச்ச ஒரு ஓணானை 2008-ல புது இனம்னு அறிவிச்சாங்க. 2018-ல அதுக்குன்னே தனிப் பேரினம் கொடுத்துட்டாங்க. 'திராவிடோகெக்கோ'ன்னு (ஆமாங்க, திராவிடப் பல்லி!) ஒரு பேரினம் 1933-ல இருந்து இருக்கு. அதுல ஒரே ஒரு இனம்தான்னு ரொம்ப காலம் நினைச்சுட்டு இருந்தாங்க. 2019-ல ஒரே ஆய்வுல 6 புது இனம் வந்துச்சு. அதுல ஒண்ணுக்குப் பேரு 'தொல்பல்லி', சுத்தத் தமிழ். இன்னொண்ணு நம்ம மணிமுத்தாறு மலைப்பல்லி. அதுக்கு வச்சது, விண்வெளிக் காமெடி நாவல் எழுதின டக்ளஸ் ஆடம்ஸோட பேரு. பார்வைக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். தொடையில வரிசையா இருக்கிற நுண்துளைகளை எண்ணிப் பார்த்து, மரபணுவையும் பார்த்துத்தான் பிரிச்சாங்க. நாம அருவியில குளிச்சுட்டு வர்ற வழியிலயே!

ஆச்சிகிட்ட இதைச் சொன்னப்போ அவ ஆச்சரியப்படலை. "ஆத்துக்கும் அந்தத் தீவுக்கும் ஒரே பேருதானட்டி?" என்றாள். உண்மைதான். இலங்கைக்குப் பழைய பேரு தம்பபண்ணி. அசோகர் கல்வெட்டுலயே இருக்கு. கிரேக்கர்கள் அதையே 'தப்ரபேன்' ஆக்கினாங்க. நம்ம தாமிரபரணியும் அதே ஒலிதான். இதைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார் சொல்லிக் கொடுத்தாராம். அந்த வாத்தியாரை ஆச்சி மறக்கலை.

மாமாவுக்கு ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினேன். படங்களைக் காட்டினேன். 84 வழிக் கணக்கையும் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, ஒண்ணும் சொல்லாம வெளிய போயிட்டார். மறுநாள் காலையில ஒன்பதாம் நம்பர் படத்துக்கு ஃபிரேம் போட்டுக்கொண்டு வந்து, ஆச்சி கட்டிலுக்கு எதிர்ச் சுவர்ல அவரே ஆணி அடிச்சு மாட்டினார். "அம்மா, அந்த மரம் என்ன மரம்?" என்று பக்கத்துல உக்காந்தார். எனக்குத் தெரிஞ்சு அவர் ஆச்சிகிட்ட தோட்டத்தைப் பத்திக் கேட்ட முதல் கேள்வி.

ஆச்சிக்கு மறதி குறையலை. படத்தை யார் மாட்டினதுன்னு தினமும் கேக்குறா. ஆனா தெருப் பசங்க இப்போ படத்தைப் பார்க்கவே வாராங்க. காது எங்க, கொம்பு எத்தனை செதில்னு ஆச்சி கிளாஸ் எடுக்குறா. பட்டப்பேரு மாறலை. அதே 'கொம்போணான் ஆச்சி'தான். கூப்பிடுற தொனி மாறியிருக்கு.

போன வாரம் ஒரு கேள்வி கேட்டா. "அவன் இன்னும் அங்கன இருக்கானாட்டி?"

இருக்கு ஆச்சி. காடு மிஞ்சின இடத்துல இருக்கு.

உங்க வீட்டுலயும் வயசானவங்க யாராவது ஒரு பறவையை, ஒரு மீனை, ஒரு மரத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருப்பாங்க. ரங்கூன்ல பார்த்ததா இருக்கலாம், மலேயாவுல பார்த்ததா இருக்கலாம், உங்க ஊர்க் குளத்துலயே பார்த்ததா இருக்கலாம். 'நிஜமாவா?'ன்னு கேக்காதீங்க. 'எப்படி இருந்துச்சு?'ன்னு கேளுங்க. கேட்டதை அப்படியே எழுதி வைங்க. பேரைப் பிறகு கண்டுபிடிச்சுக்கலாம்.